புகார் கொடுத்தா என்ன ஆகும்? உள்ளாட்சி முறைமன்ற நடுவர் பற்றித் தெரிஞ்சுக்குவோம்



நன்னிலம் பகுதிக் கூட்டங்களில் தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், வீட்டு வரி ரசீது என்று பேச்சு வந்தால் கடைசியில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "மனு எழுதிக் கொடுக்கலாம் மேடம். ஆனா யாரைப் பத்திச் சொல்றோமோ அவங்க கைக்குத்தானே அந்த மனு போய்ச் சேருது? அப்புறம் நம்ம தெருவுக்குத் தண்ணி வருமா?"

இந்தப் பயம் நியாயமானதுதான். தப்பு செய்தவரே விசாரிப்பவராகவும் இருந்தால் ஏழை சொல் அம்பலம் ஏறாது. அதனால்தான் பல நாடுகளில், ஆபீசுக்கு வெளியே நின்று குறை கேட்கும் ஒருவரைச் சட்டம் போட்டு நியமித்திருக்கிறார்கள். இங்கிலீஷில் அவரை 'ஆம்புட்ஸ்மன்' என்பார்கள். நம் மாநிலத்தில் உள்ளாட்சிகளுக்கு இருப்பவரை 'முறைமன்ற நடுவர்' என்கிறோம்.

யார் இந்த நடுவர்?

1809-ஆம் வருடம் ஸ்வீடன் நாட்டில் இந்தப் பதவி பிறந்தது. நிர்வாகம் செய்பவர் வேறு, நிர்வாகத்தின் மேல் வரும் குறையைக் கேட்பவர் வேறு என்பதுதான் இதன் அடிப்படை.

நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதுசே இல்லை. திருவாரூரில் மனுநீதிச் சோழன் கல்தேரைப் பார்க்காதவர்கள் யார்? அந்தக் கதையில் ஆராய்ச்சி மணி எங்கே தொங்கியது? அரண்மனைக்கு உள்ளே இல்லை, வாசலில். பசு யார்கிட்டேயும் அனுமதி கேட்காமல் அடிக்க முடிந்தது. குற்றம் சாட்டப்பட்டவன் ராஜாவின் சொந்த மகன். ஆனாலும் ராஜா முதலில் என்ன நடந்தது என்று விசாரித்தார், அதற்கப்புறம்தான் தீர்ப்பு. யாரும் அடிக்கக்கூடிய மணி, வேண்டியவர் என்று பார்க்காத விசாரணை, விசாரித்த பிறகே தீர்ப்பு. முறைமன்ற நடுவரிடம் எதிர்பார்ப்பதும் இந்த மூன்றைத்தான்.

தமிழ்நாட்டில் 2014-ல் உள்ளாட்சி அமைப்புகளுக்கான முறைமன்ற நடுவர் சட்டம் வந்தது. நன்னிலம், பேரளம், குடவாசல், வலங்கைமான் மாதிரியான பேரூராட்சிகளில் நடக்கும் ஊழல், நிர்வாகச் சீர்கேடு பற்றி அவரிடம் புகார் செய்யலாம். தலைவர், கவுன்சிலர் மட்டுமில்லை, அங்கே வேலை பார்க்கும் அதிகாரி, ஊழியர் மேலும் கொடுக்கலாம். அலுவலகம் சென்னையில் இருந்தாலும் மனுவைத் தபாலில் அனுப்பலாம்.

எதைக் கேட்பார், எதைக் கேட்க மாட்டார்?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அவர் கேட்கும் விஷயங்கள்: குழாய் இணைப்புக்கு ரசீது இல்லாமல் பணம் வாங்குவது. போடாத ரோட்டுக்குப் பில் போடுவது. கவுன்சிலர் தன் சொந்தக்காரருக்கு கான்ட்ராக்ட் கிடைக்கச் செய்வது. எல்லாத் தாளும் சரியாக இருந்தும் வரி பெயர் மாற்றத்தைக் காரணமில்லாமல் இழுத்தடிப்பது. எதிர்த்து ஓட்டுப் போட்ட தெரு என்று விளக்கு போடாமல் விடுவது.

அவரிடம் போகக் கூடாத விஷயங்கள்: "கவுன்சிலர் என்னைப் பார்த்துச் சிரிக்கலை, மரியாதையாப் பேசலை" என்பது மனசு நோகும் விஷயம்தான். ஆனால் அது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது ஆகாது. மன்றம் முறைப்படி கூடி, முதலில் கிழக்குத் தெரு ரோடு, அடுத்த வருடம் மேலத் தெரு என்று முடிவு செய்தால், அந்த முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் புகார் நிற்காது. கோர்ட்டில் இருக்கும் வழக்கையும் பொதுவாக எடுக்க மாட்டார்கள்.

உள்ளாட்சிக்குச் சம்பந்தம் இல்லாத குறைகளும் உண்டு. பட்டா என்றால் வருவாய்த்துறை. ஆறு, பெரிய பாசன வாய்க்கால் தூர்வாருவது நீர்வளத்துறை. குழுவின் வங்கிக் கடனில் பிரச்சினை என்றால் முதலில் வங்கி மேலாளர், அங்கே தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். வாசல் தெரியாமல் மனு போட்டால் கால்நடைதான் மிச்சம்.

ஒருவருடைய நடத்தையை விசாரிப்பது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் கவுன்சிலர்களுக்கு எழுதி வைத்த நடத்தை விதிகள் இருக்கின்றன. அதை மீறினால் அங்குள்ள ஆம்புட்ஸ்மன் விசாரிக்கலாம். பக்கத்திலேயே இங்கிலாந்தில், 2011 சட்டத்துக்குப் பிறகு நடத்தைப் புகாரை அந்தந்தக் கவுன்சிலே பார்க்க வேண்டும். ஆகவே "எந்த விதி மீறப்பட்டது?" என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

கேரளாவில் எப்படி நடக்கிறது?

நம் பக்கத்து மாநிலம் இதில் முன்னோடி. அதிகாரப் பரவலுக்காக அமைத்த சென் கமிட்டியின் யோசனைப்படி, 1999-ல் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டத்தைத் திருத்தினார்கள். 2000-ல் 7 பேர் கொண்ட அமைப்பு வந்தது. 2001-ல் அதை மாற்றி, ஹைகோர்ட் நீதிபதியாக இருந்த ஒருவரே நடுவர் என்று ஆக்கினார்கள். கிராமப் பஞ்சாயத்தும் அவர் வரம்புக்குள் வரும். அங்கே புகார் போகும் பாதை இதுதான்.

1. முதல் பரிசீலனை: புகார் வரம்புக்குள் வருகிறதா, ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சம்பவம் நடந்து 3 வருடம் தாண்டியிருந்தால், தாமதத்துக்குச் சரியான காரணம் சொல்ல வேண்டும்.

2. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ்: பஞ்சாயத்திடமும் குற்றம் சாட்டப்பட்டவரிடமும் பதில் கேட்பார்கள்.

3. விசாரணை: சிவில் கோர்ட்டுக்கு உள்ளது போல, ஆட்களை வரவழைக்கவும் கணக்கு நோட்டு, பைல்களைக் கொண்டுவரச் சொல்லவும் அதிகாரம் உண்டு. அவசரமானால் இடைக்கால உத்தரவும் போடலாம்.

4. உத்தரவு: பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு, பஞ்சாயத்துக்கு ஏற்பட்ட இழப்பைத் தப்பு செய்தவரிடம் வசூலிப்பது, விட்டுப்போன வேலையைச் செய்யச் சொல்வது என்று உத்தரவிடலாம். லஞ்சம், மோசடி மாதிரி கிரிமினல் குற்றம் என்று தெரிந்தால் உரிய விசாரணைக்கு அனுப்புவார்.

பாருங்கள், நடுவர் யாரையும் ஜெயிலில் போடுவதில்லை. பைலை வெளியே கொண்டுவருகிறார். "அந்த நோட்டு காணோம்மா" என்று நம்மிடம் சொல்கிற மாதிரி அவரிடம் சொல்ல முடியாது. அதுதான் அவருடைய பலம்.

கிராம ஊராட்சி என்றால்?

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன்படி ஊராட்சிகளுக்கு ஆய்வாளர் மாவட்டக் கலெக்டர். ஊராட்சித் தலைவர் வேண்டுமென்றே கடமையைச் செய்யாமல் விட்டாலோ, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினாலோ பிரிவு 205-ன் கீழ் அவர் நடவடிக்கை எடுக்கலாம். கலெக்டர் தாமாகவே தொடங்கலாம். இல்லையென்றால் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். முதலில் தலைவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் திருப்தி இல்லையென்றால் தாசில்தார் கூட்டம் போட்டு உறுப்பினர்கள் கருத்தைப் பதிவு செய்வார். அதற்குப் பிறகுதான் பதவி நீக்கமா, கைவிடுவதா என்று கலெக்டர் முடிவு செய்வார்.

இவ்வளவு படி எதுக்கு என்று தோணலாம். 2016-ல் தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் 50 சதவீதம் பெண்களுக்கு ஒதுக்கிச் சட்டம் வந்தது. நம் குழுக்களில் இருந்தே வார்டு உறுப்பினர், தலைவி என்று ஜெயித்து வந்தவர்கள் உண்டு. சொல் பேச்சு கேட்காத தலைவியை, அதிலும் தலித் பெண்ணை, புகார் என்ற பெயரில் கவிழ்க்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். விளக்கம் கேட்காமல் நீக்கக் கூடாது என்ற விதி அந்தப் பெண்ணுக்கும் பாதுகாப்பு.

அதே சமயம், தலைவி வீட்டில் இருக்க, அவர் வீட்டுக்காரர் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போடுவதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓட்டு வாங்கியது அவர் இல்லை. கையெழுத்து போட்டது தலைவி என்றால் பதில் சொல்ல வேண்டியதும் தலைவிதான். இதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது நம் கடமை.

2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். நாற்காலியில் தலைவர் இருந்தாலும் அதிகாரி இருந்தாலும் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

மனு எழுதும் முன் செய்ய வேண்டியவை

1. முதலில் அந்த ஆபீசிலேயே கொடுங்கள். பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். ஒப்புகை வாங்காமல் திரும்ப வேண்டாம்.

2. பதில் இல்லையென்றால் திருவாரூர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். மனு எண்ணைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.

3. ஆதாரம் வேண்டுமா? தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஊழல் நடந்ததா?" என்று கேட்காதீர்கள். "இந்தத் தெரு ரோட்டுக்கு எவ்வளவு மதிப்பீடு, யாருக்கு எவ்வளவு பணம் கொடுத்தீர்கள், அளவுப் புத்தக நகல் தரவும்" என்று கேளுங்கள்.

4. மனுவில் தேதி, இடம், தொகை, பெயர், பதவி தெளிவாக இருக்கட்டும். கண்ணால் பார்த்ததைத் தனியாகவும் கேள்விப்பட்டதைத் தனியாகவும் எழுதுங்கள். திட்டு வேண்டாம், கட்சி அரசியல் வேண்டாம். கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள்: பணம் திரும்பவா, இணைப்பா, வசூலா?

5. மொட்டைக் கடுதாசி வேண்டாம். தனி ஆள் பயந்தால் குழுவாகத் தீர்மானம் போட்டு 15, 20 பேர் கையெழுத்துப் போடுங்கள். ஒரு வீட்டுக் குழாயை அடைக்கலாம், இருபது வீட்டுக் குழாயை அடைக்க யோசிப்பார்கள்.

6. எல்லாத் தாளிலும் ஒரு ஜெராக்ஸ் கூட்டமைப்பு பைலில் இருக்கட்டும். வீட்டில் வைத்தால் மழையில் நனையும், இல்லாவிட்டால் பிள்ளைகள் கிழிக்கும்!

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நடுவரிடம் போனால் அடுத்த மாதமே முடிவு வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். நோட்டீஸ், பதில், விசாரணை என்று நாள் ஆகும். நாற்றங்காலில் விதை விட்ட மறுநாளே யாரும் அரிவாளோடு போவதில்லையே. மாதா மாதம் கூட்டத்தில் "அந்த மனு என்ன ஆச்சு?" என்று ஒரு பொருளாக வைத்துக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

சேமிப்பு நோட்டில் 50 ரூபாய் கணக்கு இடித்தால்கூட ஊக்குநரை விடாமல் கேள்வி கேட்பவர்கள் நாம். அதே கேள்வியைத்தான் ஊர்ப் பணத்துக்கும் கேட்கப் போகிறோம். இந்த மாதக் குழுக் கூட்டத்தில் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். உங்கள் தெருவில் தீராமல் கிடக்கும் ஒரு குறையை எடுத்து, அது எந்த வாசலுக்குப் போக வேண்டியது என்று பேசி முடிவு செய்யுங்கள். மனு எழுத உதவி வேண்டுமென்றால் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே எழுதுவோம்.

– கள ஒருங்கிணைப்பாளர், நன்னிலம்