212 என்றால் தப்பித்தது, 213 என்றால் மாட்டிக்கொண்டது: ஓசோன் கணக்கு நடக்கும் அறைக்குள்

ஒரு பெருநகரத்தின் மூன்று ஆண்டுக் காற்றை ஒற்றை எண்ணாகச் சுருக்க முடியுமா? முடியும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதைத்தான் செய்கிறது. 72, 69, 71 என்று மூன்று எண்களை வைத்துக்கொள்வோம். கூட்டினால் 212. மூன்றால் வகுத்தால் 70.67. அங்கே ஓசோனுக்கு வரம்பு 70. தாண்டிவிட்டதே என்று நாம் பதறுவோம். ஆனால் விதி வேறு மாதிரி சொல்கிறது: புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழுமையாக்காதே, வெட்டி எறி. அதனால் எண் 70, ஊர் தப்பித்தது! அந்த மூன்றில் ஏதாவது ஒன்று ஒரே ஒரு புள்ளி ஏறியிருந்தால் கூட்டுத்தொகை 213, சராசரி 71. கோடிக்கணக்கான மனிதர்கள் மூச்சுவிடும் ஒரு மாநகரத்தின் தலையெழுத்து அந்த ஒற்றைப் புள்ளியில் மாறிவிடும். இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

திருத்தணியில் இருந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறேன்? காரணம் கிழக்கே இருக்கிறது. மலைக்கோயிலில் இருந்து எண்பத்தைந்து கிலோமீட்டர் வாக்கில் சென்னை. கோடை மதியத்தில் கடற்காற்று கிளம்பினால் அது வீசுவது நம்மை நோக்கித்தான்.

முதலில் இந்த ஓசோன் யார் என்று பார்த்துவிடலாம். வானத்தின் உச்சியில் குடையாக நிற்கும் ஓசோன் நல்லது. கொடைக்கானல் வானாய்வகத்தில் 1957 முதல் அளந்து வருகிறார்கள். தரையோரம், நம் மூக்குக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் ஓசோன் நுரையீரலை எரிக்கும், நெல், கோதுமை விளைச்சலைக் குறைக்கும். மூலக்கூறு ஒன்றேதான். இருக்கும் இடம்தான் வேறு.

இனிமேல்தான் வேடிக்கை. தரையோர ஓசோனை எந்தப் புகைபோக்கியும் கக்குவதில்லை! வண்டியிலிருந்தும் அனல்மின் நிலையத்திலிருந்தும் வருவது நைட்ரஜன் ஆக்ஸைடுகள். பெட்ரோல் பங்க், பெயின்ட், சுத்திகரிப்பு ஆலை, ஏன் மரங்களிலிருந்தும் வருவது எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள். இரண்டையும் வெயிலில் காயப்போட்டால் காற்றிலேயே ஓசோன் சமைகிறது. நைட்ரஜன் டை ஆக்ஸைடை வெயில் உடைக்க, பிரிந்த ஆக்ஸிஜன் அணு பக்கத்து ஆக்ஸிஜன் மூலக்கூறோடு ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்தவர் ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலாளர். அதற்கு முன் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது அன்னாசிப்பழ வாசனையை! லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்தில் இருப்பது ஓசோன் என்று அவர் காட்டினார். ஆரம்ப நாட்களில் அங்கே ஓசோனை அளக்க வளைத்துக் கட்டிய ரப்பர் துண்டுகளைக்கூடப் பயன்படுத்தினார்கள். ரப்பர் எவ்வளவு வேகமாக வெடிக்கிறதோ அவ்வளவு ஓசோன்.

இன்றைக்குக் கருவி அழகானது. சென்னையில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி போன்ற இடங்களில் உள்ள தொடர் கண்காணிப்பு நிலையம் வெளியே இருந்து பார்த்தால் ஏசி போட்ட சின்ன அறைதான். கூரையைத் தாண்டி ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே டெஃப்லான் குழாய். பொருத்தமில்லாத பொருளில் செய்தால் ஓசோன் வழியிலேயே சுவரில் பட்டுக் காணாமல் போய்விடும். கருவிக்குள் ஒரு பாதரச விளக்கு, 254 நானோமீட்டர் அலைநீளத்தில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வீசுகிறது. அந்தக் கதிர் என்றால் ஓசோனுக்கு உயிர், விழுங்கிவிடும். ஒரு தடவை வெளிக்காற்றை அப்படியே விடுகிறார்கள். அடுத்த தடவை ஓசோனை மட்டும் வடிகட்டிவிட்டு அதே காற்றை விடுகிறார்கள். இரண்டு தடவையும் மறுமுனைக்கு வந்து சேர்ந்த வெளிச்சத்தின் வித்தியாசம்தான் ஓசோன். சில விநாடிக்கு ஒரு முறை, இரவும் பகலும், நாம் தூங்கும்போதும் இந்தக் கழித்தல் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

இதிலும் ஓர் அடித்தளம் இருக்கிறது, அதுவும் அசைகிறது! ஓர் ஓசோன் மூலக்கூறு எவ்வளவு கதிரை விழுங்கும் என்பதற்கு உலகம் முழுக்க வைத்திருந்த மதிப்பு 1961இல் ஹெர்ன் என்பவர் அளந்தது. அது சற்று அதிகம் என்று பன்னாட்டு அளவியல் வல்லுநர்கள் பிற்பாடு முடிவுசெய்தார்கள். புதிய மதிப்பு சுமார் 1.2 விழுக்காடு குறைவு. புதிய மதிப்புக்கு மாறும் கருவி அதே காற்றை 1.2 விழுக்காடு கூடுதலாகக் காட்டும். காற்றில் ஒரு மாற்றமும் இல்லை, எண் மட்டும் ஏறுகிறது. 70க்கும் 71க்கும் நடுவே நூலிழையில் நிற்கும் ஊரை நினைத்துப் பாருங்கள்!

சரி, எண்கள் வந்து குவிந்துவிட்டன. தீர்ப்பு எப்படி? இங்கேதான் திருத்தணி மலையின் 365 படிகள் கைகொடுக்கின்றன. ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்பது இந்தக் கோயிலின் ஐதீகம். டிசம்பர் 31 அன்று படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூசை நடக்கும். ஒவ்வொரு படியிலும் அந்த நாளின் ஓசோன் அளவை எழுதி வைத்திருப்பதாகக் கொள்வோம்.

நம் நாட்டு விதி 2009 நவம்பர் 18 அன்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட தேசியக் காற்றுத் தர அறிவிக்கையில் இருக்கிறது. மொத்தம் 12 மாசுகள், அதில் ஒன்று ஓசோன். எட்டு மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், ஒரு மணி நேரச் சராசரி 180. ஆண்டில் 98 விழுக்காடு நேரம் இதற்குள் இருக்க வேண்டும். மீதி 2 விழுக்காடு தாண்டலாம், ஆனால் அளவெடுக்கும் நாட்களில் அடுத்தடுத்து இரண்டு நாள் தாண்டக் கூடாது. நம் படிக்கட்டில் ஏழு படி வரை சிவப்பாக இருக்கலாம். ஒட்டியிருக்கும் இரண்டு படிகள் சிவக்கக் கூடாது. எவ்வளவு நுட்பமான விதி! வெயில் காலத்தில் ஓசோன் தனியாக வருவதே அபூர்வம். காற்று ஓயும்போது நாலைந்து நாள் சேர்ந்தாற்போலத்தான் ஏறும். விதி சரியாக அந்த இடத்தைத்தான் தொடுகிறது.

அமெரிக்கக் கணக்கு வேறு. ஒவ்வொரு நாளுக்கும் அன்றைய எட்டு மணி நேரச் சராசரிகளில் உச்சமானதை எடுப்பார்கள். எட்டு மணியில் ஆறு மணிக்காவது அளவீடு இருக்க வேண்டும். பிறகு ஆண்டின் எல்லா நாட்களையும் உச்சத்திலிருந்து இறங்கு வரிசையில் அடுக்குவார்கள். முதல் மூன்றுக்கு மன்னிப்பு. நான்காவதுதான் அந்த ஆண்டின் எண். அப்படி மூன்று ஆண்டுகளின் நான்காவது எண்கள்தான் தொடக்கத்தில் நாம் பார்த்த 72, 69, 71. நூறு கோடி மூலக்கூறுகளில் எத்தனை ஓசோன் என்பதே அந்த அளவு. 70 என்ற வரம்பு 2015இல் வந்தது. அதற்கு முன் 2008இல் 75.

இரண்டு கோடுகளையும் ஒரே அலகுக்கு மாற்றினால் ஆச்சரியம் காத்திருக்கிறது. நம்முடைய 100 மைக்ரோகிராம் அவர்கள் அலகில் 51 வாக்கில் வரும். அவர்களுடைய 70 நம் அலகில் 137 வாக்கில். நம் கோடுதான் கீழே இருக்கிறது! உலக சுகாதார நிறுவனமும் எட்டு மணி நேரத்துக்கு 100 என்றுதான் சொல்கிறது.

ஆனால் கோட்டைத் தாண்டிய பிறகு நடப்பதில்தான் அவர்கள் முந்துகிறார்கள். வரம்பு மீறிய பகுதிக்கு ஐந்து படிநிலைகள், லேசானதில் தொடங்கி மிகக் கடுமையானது வரை. ஒவ்வொன்றுக்கும் திருந்தக் கெடு: லேசானதற்கு 3 ஆண்டு, கடைசிப் படிநிலைக்கு 20 ஆண்டு. லாஸ் ஏஞ்சலஸ் அந்தக் கடைசிப் படிநிலையில் இருக்கிறது. அங்கே புதிதாக ஒரு பெரிய ஆலை வர வேண்டுமானால், அது கக்கப்போகும் மாசில் ஒரு டன்னுக்கு ஈடாக வேறெங்கோ ஒன்றரை டன் குறைத்துக் காட்ட வேண்டும். காட்டுத்தீப் புகையால் எண் ஏறியது என்றால் ஆதாரங்களோடு மனுப் போட்டு அந்த நாளைக் கணக்கிலிருந்து நீக்கக் கேட்கலாம். செயற்கைக்கோள் படம், காற்றோட்டத் தடம் என்று அந்தக் கோப்பு தடிமனாக இருக்கும். நான்காவது நாளை மூன்றாவதாக்கும் போராட்டம் அது!

நம் ஊரில் தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019 ஜனவரியில் வந்தது. தரம் எட்டாத நகரங்கள் என்று முதலில் 102 நகரங்களை அறிவித்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து தூத்துக்குடி மட்டும். அந்தப் பட்டியல் தூசுத் துகளையும் நைட்ரஜன் டை ஆக்ஸைடையும் பார்த்துப் போடப்பட்டது. ஓசோன் அந்தக் கணக்கில் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் ஆள் போய் அளவெடுக்கும் பழைய நிலையங்களும் வழக்கமாக ஓசோனை அளப்பதில்லை. ஆக, நல்ல கோடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் தாண்டியது யார் என்று கேட்காமல் இருக்கிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை. 100 என்று எழுதிய கைகளுக்கு மரியாதை செய்ய வேண்டுமானால் அதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணுவது எங்கே? எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் தரும் பகுதி இதுதான்.

போக்குவரத்து நெரிசலில் வண்டிகள் கக்கும் நைட்ரிக் ஆக்ஸைடு பக்கத்தில் இருக்கும் ஓசோனைத் தின்றுவிடும். நடுச்சாலையில் ஓசோன் குறைவாகத் தெரியும்; புகை காற்றோடு போய், வெயிலில் ஊறி, நகரத்துக்கு வெளியே அமைதியான ஊரில் ஓசோன் ஏறும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகளும் பேருந்துகளும் அடிவாரத்தை நிறைக்கும்போது அந்தச் சாலையோரத்தில் ஓசோன் இறங்கக்கூடும், நம்புங்கள்! 2020 ஊரடங்கில் வண்டிகள் நின்றபோது உலகின் பல நகரங்களில் ஓசோன் ஏறியதற்கும் இதுதான் ஒரு காரணம்.

சென்னையின் கோடை நாள் இதற்கென்றே அமைந்தது. விடியற்காலையில் நிலக்காற்று நகரப் புகையைக் கடல் மேல் கொண்டுபோய் நிறுத்தும். வெயில் ஏறும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று திரும்பி, எண்ணூர், மணலி, அம்பத்தூர் புகையையும் சேர்த்துக்கொண்டு மேற்கே தள்ளும். மாலைக்குள் பல பத்து கிலோமீட்டர் உள்நாட்டுக்குள் வந்துவிடும். வழியெல்லாம் வெயில் அதன் வேலையைச் செய்துகொண்டே வருகிறது. அந்த வழியில் திருவள்ளூர், அரக்கோணம், திருத்தணி.

நியூயார்க் பக்கம் இதே கதை நடந்திருக்கிறது. அந்தப் பெருநகரப் பகுதியில் மோசமான ஓசோன் எண்கள் மன்ஹாட்டனில் வருவதில்லை. காற்று போகும் திசையில், அடுத்த மாநிலமான கனெக்டிகட்டில், வெஸ்ட்போர்ட் போன்ற அழகான கடலோர ஊர்களில் வருகின்றன. விதி என்ன சொல்கிறது தெரியுமா? பகுதியில் மிக உயர்ந்த எண் காட்டும் நிலையம் எதுவோ அதுதான் மொத்தப் பகுதியின் எண். கடலோரத்தில் ஓர் ஊர் மூச்சுத் திணறினால் நியூயார்க், நியூ ஜெர்சி உட்பட மூன்று மாநிலத்துப் பகுதியும் சேர்ந்து தோற்கும்! காற்று வரும் திசையில் இருக்கும் மாநிலம் காற்று போகும் திசையில் இருக்கும் மாநிலத்துக்குப் பொறுப்பு என்று அவர்கள் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து நம்மோடு சேர்ந்த இந்த ஊருக்கு எல்லை என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்காகச் சிலம்புச் செல்வர் ம.பொ.சி. எவ்வளவு போராடினார்! அந்தக் கோடு ஆட்சிக்கு. காற்றுக்கு அது தெரியாது. வடக்கே திருப்பதியில் ஆந்திர வாரியத்தின் நிலையம், கிழக்கே சென்னையிலும் கும்மிடிப்பூண்டியிலும் தமிழக வாரியத்தின் நிலையங்கள், தென்மேற்கே ராணிப்பேட்டையில் ஒன்று. கடற்காற்றின் பாதையை அறிய இவை எல்லாவற்றின் எண்களையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க வேண்டும். இரண்டு வாரியங்களும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு கோடையில் விடை கிடைத்துவிடும்.

திருத்தணிக்கு ஒரு கருவி வந்தால் எங்கே வைப்பது என்று யோசித்தேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், வண்டிப் புகை ஓசோனைத் தின்றுவிடும். அடிவாரத்தில் சாலையிலிருந்து தள்ளி, பள்ளிக்கூட மொட்டைமாடி ஒன்று. மலைமேல் இன்னொன்று. இரவில் அடிவாரத்து ஓசோனைப் புகை தின்றுவிட, மேலே அது மிச்சம் இருக்கலாம். இரண்டு கருவியும் ஒரே இரவில் இரண்டு கதை சொல்லலாம்.

அதுவரை நீங்களே எட்டிப் பார்க்கலாம். மத்திய வாரியத்தின் இணையதளத்தில் இந்த நிலையங்களின் எண்கள் மணிக்கு மணி வருகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை ஓசோன் பத்தியை மட்டும் பாருங்கள். எட்டு மணி நேரச் சராசரி எந்த நிலையத்திலாவது அடுத்தடுத்து இரண்டு நாள் 100ஐத் தாண்டினால் குறித்துக்கொள்ளுங்கள். 2009 அறிவிக்கையின் அடியில் ஒரு குறிப்பு இருக்கிறது: எங்கே, எப்போது இரண்டு நாள் தொடர்ந்து வரம்பு மீறினாலும், தொடர் கண்காணிப்பைத் தொடங்கவும் மேலும் விசாரிக்கவும் அதுவே போதுமான காரணம். நிலையத்தின் பெயர், இரண்டு தேதி, இரண்டு எண், இந்தக் குறிப்பு, நான்கையும் ஒரு தாளில் எழுதி, திருவள்ளூரில் இருக்கும் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். காற்று போகும் திசையில் இருக்கும் ஊர்க்காரர் என்று கையெழுத்துக்குக் கீழே மறக்காமல் போடுங்கள்.