பீரங்கி வண்டி நினைவுச்சின்னங்கள்

போர்ப் பணியிலிருந்து விலக்கப்பட்ட பீரங்கி வண்டியை (டாங்கி) பொது இடத்தில் மேடை அமைத்து நிறுத்திப் போர் நினைவுச்சின்னமாக்கும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. இந்தியாவில் படைமுகாம்களின் வாயில்களிலும் நகரப் பூங்காக்களிலும் போர் நினைவிடங்களிலும் இத்தகைய வண்டிகளைக் காணலாம். இவற்றுள் விஜயந்தா தமிழ்நாட்டில் உருவானது.

விஜயந்தா

சென்னையை அடுத்த ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 முதல் விஜயந்தா தயாரிக்கப்பட்டது. பிரித்தானிய நிறுவனமான விக்கர்ஸ் இதை வடிவமைத்தது. 1961-இல் அந்நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி உரிமம் பெற்று இந்தியா தன் முதல் பீரங்கி வண்டியை உள்நாட்டில் உற்பத்தி செய்தது. எடை ஏறத்தாழ 39 டன். பீரங்கிக் குழாயின் விட்டம் 105 மில்லிமீட்டர். தலைவர், குறிவைத்துச் சுடுபவர், குண்டு நிரப்புபவர், ஓட்டுநர் என நால்வர் இதனுள் பணியாற்றினர்.

1980கள் வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விஜயந்தா வண்டிகள் ஆவடியிலிருந்து வெளிவந்தன. அதன்பின் அதே தொழிற்சாலையில் டி-72 வகையும் அர்ஜுன் வண்டியும் உற்பத்தியாயின. பழைய விஜயந்தாக்கள் 2000களில் படிப்படியாகப் பணியிலிருந்து விலக்கப்பட்டன. பல பழைய இரும்பாயின. சில நினைவுச்சின்னங்களாக நிற்கின்றன.

காட்சிக்கு வைத்தல்

காட்சிக்கு அனுப்புவதற்கு முன் வண்டியிலிருந்து வெடிபொருள்கள் நீக்கப்படுகின்றன. பீரங்கி இனிச் சுட முடியாதபடி செயலிழக்கச் செய்யப்படுகிறது. மக்கள் உள்ளே இறங்கிவிடாதபடி மேல்மூடிகளைப் பற்றவைத்து அடைப்பதுண்டு. 39 டன் எடையைத் தாங்க மேடைக்கு உறுதியான அடித்தளம் வேண்டும். மழைநீர் உள்ளே தேங்கினால் வண்டி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் துரு இன்னும் விரைவாக ஏறும். எனவே குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வண்ணம் பூசிப் பராமரிக்க வேண்டும்.

மூன்று வகைகள்

காட்சிக்கு வைக்கப்படும் வண்டிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, எதிரியிடமிருந்து கைப்பற்றியவை. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் பகுதியில் நடந்த போரில் பாகிஸ்தானின் பாட்டன் வண்டிகள் பெருமளவில் அழிக்கப்பட்டன அல்லது கைப்பற்றப்பட்டன. அப்போரில் ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பாட்டன்களைத் தாக்கி உயிர்நீத்த அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. கைப்பற்றிய வண்டிகள் பின்னர் நாட்டின் பல ஊர்களுக்கு வெற்றிச் சின்னங்களாக அனுப்பப்பட்டன.

இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட வீரரின் வண்டி. 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் போரில் 21 வயதான அருண் கேத்ரபால் செலுத்திப் போரிட்ட சென்சூரியன் வண்டியின் பெயர் ஃபாமகுஸ்தா. தீப்பற்றிய வண்டியைக் கைவிடச் சொல்லி வந்த உத்தரவை ஏற்காமல் அவர் போரிட்டு மாண்டார். அவருக்கும் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அந்த வண்டி மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில் (இன்றைய அகில்யாநகர்) பாதுகாக்கப்படுகிறது.

மூன்றாவது, பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றவை. பெரும்பாலான விஜயந்தாக்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்குத் தனிப்பட்ட போர்க்கதை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பார்வையாளரால் வண்டியை மட்டும் பார்த்து இதை அறிய முடியாது.

பொருள் மாறுபடுதல்

ஒரே வண்டி எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. செக் நாட்டின் பிராக் நகரில் 1945-இல் சோவியத் படையின் வருகையை நினைவுகூர ஒரு பீரங்கி வண்டி நிறுத்தப்பட்டது. ஒரு தரப்பினருக்கு அது விடுதலையின் சின்னம். 1968-இல் சோவியத் படைகள் மீண்டும் நுழைந்த பிறகு பலருக்கு அது ஆக்கிரமிப்பின் சின்னமாயிற்று. 1991-இல் டேவிட் செர்னி என்ற கலை மாணவர் அதற்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார். அதே ஆண்டு அது அங்கிருந்து அகற்றப்பட்டது.

இலங்கையில் ஆனையிறவில் ஏ-9 சாலையோரம் கவசமிட்ட புல்டோசர் ஒன்று உள்ளது. 1991 ஜூலையில் படைமுகாமைத் தாக்க விடுதலைப் புலிகள் பயன்படுத்திய வண்டி அது. அதில் ஏறிக் கையெறி குண்டு வீசி உயிரிழந்த காமினி குலரத்னவின் நினைவாக அரசு அதைக் காட்சிக்கு வைத்துள்ளது. அதே சமரில் பிள்ளைகளை இழந்த தமிழ்க் குடும்பங்களும் அந்தச் சாலை வழியாகத்தான் போய்வருகின்றன.

நடுகல்லும் பீரங்கி வண்டியும்

போரில் மாண்டவருக்குக் கல் நடுவது தமிழரின் பழைய மரபு. கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை அதன் படிநிலைகளைத் தொல்காப்பியத்தின் புறத்திணையியல் கூறுகிறது. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்கள் பலவற்றில் அரசனின் ஆட்சியாண்டு, ஊர், வீரனின் பெயர், அவன் எந்தப் பூசலில் பட்டான் என்ற செய்தி ஆகியவை வெட்டப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அவன் யார் என்று அறிய முடிகிறது.

எழுத்து இல்லாத நினைவிடம் எளிதில் வெறும் அடையாளமாகிவிடும். திருநெல்வேலியை அடுத்த பாளையங்கோட்டை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அங்கே கோட்டைச் சுவர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. எஞ்சிய கொத்தளத்தின் மேல் செயல்பட்ட காவல் நிலையத்தால் அந்த இடம் ‘மேடைப் போலீஸ் ஸ்டேஷன்’ என்றே அறியப்பட்டது. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பிய ஊர் இது என்பதை அந்தச் சுவர் தானாகச் சொல்லாது.

பீரங்கி வண்டிக்கும் இது பொருந்தும். வண்டியின் எடையையும் வேகத்தையும் சொல்லும் பலகை அதை ஓர் எந்திரமாக மட்டுமே அறிமுகப்படுத்தும். அருண் கேத்ரபாலின் பெயர் பலருக்குத் தெரியும். அதே வண்டியில் இருந்த ஓட்டுநரின் பெயரும் குறிவைத்துச் சுட்டவரின் பெயரும் அவ்வளவாகத் தெரியாது. வண்டி எந்தப் படைப்பிரிவில் இருந்தது, எந்தப் போரைக் கண்டது, அதில் யார் இருந்தனர், அந்த ஊரிலிருந்து படைக்குச் சென்று திரும்பாதவர் யார் என்ற விவரங்கள் அதன் அருகே தமிழில் எழுதப்படும்போதுதான் அது நினைவுச்சின்னமாகும். அவை இல்லையென்றால் அது சிறுவர் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளும் 39 டன் இரும்பு மட்டுமே.