வயதுக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

குழந்தையை முத்தமிட்டால் உதட்டில் உப்புக் கரிக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளையின் தாய் பல நேரம் முதலில் கவனிப்பது இதைத்தான். பழுதான சி.எஃப்.டி.ஆர். மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் இந்த நோய். நுரையீரலில் சளி பசையாக இறுகும், கிருமிகள் அதிலேயே குடியேறும். கணையமும் கெடும், சிலருக்கு ஈரலும் சுருங்கும். மருந்தும் மார்புப் பயிற்சியும் கைவிட்ட பிறகே மாற்று உறுப்பு என்ற பேச்சு வருகிறது.

2013-ல் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் 10 வயதுச் சிறுமி ஒருத்தி அந்த நிலையில் கிடந்தாள். நுரையீரல் யாருக்கு முதலில் என்பதை அமெரிக்காவில் 2005 முதல் ஒரு மதிப்பெண் தீர்மானித்து வந்தது. யாருக்கு அவசரம், யாருக்குப் பலன் என்று பார்க்கும் மதிப்பெண் அது. ஆனால் 12 வயது நிறைந்தவர்களுக்கே அது பொருந்தியது. அதற்குக் கீழே உள்ளவர்கள், அரிதாகவே கிடைக்கும் சிறுவர் நுரையீரலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. பெரியவர் நுரையீரலை வெட்டிச் சிறிதாக்கிப் பொருத்த மருத்துவர்களுக்குத் தெரியும். விதிதான் அவளைப் பின்வரிசையில் நிறுத்தியது.

பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். ஜூன் 5-ல் கூட்டாட்சி நீதிபதி மைக்கேல் பேல்சன் அவளுக்காக அந்த விதியை நிறுத்திவைத்தார். ஐந்தே நாளில் உறுப்புப் பகிர்வு அமைப்பும் இறங்கிவந்து, 12 வயதுக்குட்பட்டோருக்காக மருத்துவர்கள் விதிவிலக்குக் கேட்கலாம் என்றது. 2014-ல் அது நிரந்தரமானது. 2023-ல் வந்த புதிய முறையில் 18 வயதுக்குட்பட்டோருக்குத் தனிப் புள்ளிகளே உண்டு.

வேறொருவரின் முறை பறிபோகிறதே என்று அன்று கேட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒருவருக்குப் போகும் நுரையீரல் இன்னொருவருக்கு இல்லைதான். ஆனாலும் அவசரத்தை அளக்கும் கோல் கையில் இருக்க, பிறந்த தேதியைப் பார்த்து ஒதுக்கியது அநியாயம்.

அமெரிக்காவில் உள்ள பெற்றோர் அறிய வேண்டியது: பரிசோதனைகள் முடிந்தபின் பட்டியலில் சேர்த்தாலும் மறுத்தாலும், பிறகு நீக்கினாலும், மருத்துவமனை 10 வேலை நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஓரிடத்தில் முடியாது என்றால் வேறு மையத்தில் கேட்கலாம். புர்கோல்டேரியா செனோசெபேசியா என்ற கிருமி இருந்தால் பல மையங்கள் கைவிரிக்கும், ஏற்கும் மையமும் உண்டு. ஈரல் மட்டும் தேவைப்படும் பிள்ளைக்கு, பொருத்தமிருந்தால் பெற்றோரே ஒரு பகுதியைத் தரலாம்.

அறுவை முடிந்தால் நோய் போய்விடாது. புது நுரையீரலில் அந்த மரபணுக் கோளாறு இல்லை, ஆனால் கணையத்திலும் மூக்கின் பக்கக் குழிகளிலும் அது அப்படியே இருக்கும். டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை வாழ்நாள் முழுதும் விழுங்க வேண்டும். ஒரு வேளை தவறினால் உடல் உறுப்பை நிராகரிக்கலாம், மருந்தை எடுத்தாலோ தொற்று எளிதில் பற்றும். அந்தச் சிறுமிக்கு ஜூன் 12-ல் பொருத்திய நுரையீரலே செயலிழந்து, மூன்றாம் நாள் மறுபடி அறுவை செய்தார்கள். அதன் பிறகே அவள் வீடு திரும்பினாள்.

2019-ல் டிரிகாஃப்டா மாத்திரை வந்தபின் இந்நோய்க்காக நுரையீரல் மாற்றுவது அமெரிக்காவில் வெகுவாகக் குறைந்தது. ஆனால் எல்லா மரபணு மாற்றத்துக்கும் அது வேலை செய்யாது. அது பலன் தராத பிள்ளையின் பெற்றோர் ஒவ்வொரு முறையும் ஊதும் பரிசோதனையின் எண்ணைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். எஃப்.இ.வி.1 என்ற அந்த அளவு 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கி வேகமாகச் சரிந்தாலோ, 40-க்குக் கீழே போனாலோ, மாற்று மையத்துக்கு உடனே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். போனவுடனே அறுவை என்று பொருளல்ல. மூச்சுக் கருவியில் படுக்கும்முன் மையத்தாருக்குப் பிள்ளையைத் தெரிந்திருக்கும்.