மூளையில் பரவிய புற்றுக்கட்டியை அகற்றிய பின் கதிர்வீச்சுச் சிகிச்சை

உடலின் வேறோர் உறுப்பிலிருந்து மூளைக்குப் பரவிய புற்றுக்கட்டியை அறுவை சிகிச்சையால் அகற்றிய பின், அங்கே எஞ்சியிருக்கக்கூடிய புற்றணுக்களை அழிக்கக் கதிர்வீச்சு தரப்படுகிறது. மக்கள் பேச்சில் இதைக் ‘கரண்ட் வைத்தல்’ என்பர். ஆனால் உடலில் மின்சாரம் பாய்ச்சப்படுவதில்லை. லீனியர் ஆக்சிலரேட்டர் என்னும் கருவியில் உண்டாகும் ஆற்றல் மிக்க எக்ஸ் கதிர்களே தலைக்குள் செல்கின்றன. அப்போது வலி தெரியாது.

பரவல் கட்டி

நுரையீரல், மார்பகம், சிறுநீரகம், குடல், தோல் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோயின் அணுக்கள் இரத்தத்தின் வழியே மூளையை அடைந்து வளரலாம். நுரையீரலிலிருந்து வந்த கட்டி மூளையில் இருந்தாலும் அது நுரையீரல் புற்றுநோயே. ஒரே கட்டி பெரிதாக வளர்ந்து தலைவலி, வாந்தி, வலிப்பு, கை கால் தளர்ச்சி போன்றவற்றை உண்டாக்கினால் அறுவை சிகிச்சை பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது.

அறுவை மட்டும் போதாதது ஏன்?

கட்டி முழுவதும் நீங்கியதாக ஸ்கேன் காட்டினாலும், கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் குழியின் ஓரத்தில் தங்கிவிடுகின்றன. அமெரிக்க மருத்துவர் ராய் பேட்செல் குழுவினர் 95 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1998இல் வெளிவந்தது. அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் 46 விழுக்காட்டினருக்கு அதே இடத்தில் கட்டி திரும்பியது. முழு மூளைக்கும் கதிர்வீச்சு பெற்றவர்களில் இது 10 விழுக்காடாகக் குறைந்தது. எனினும் வாழ்நாள் நீளவில்லை. உடலின் பிற பகுதிகளில் உள்ள நோயும் உயிரைப் பறிக்கக்கூடியது என்பது இதற்கொரு காரணம்.

முழுமூளைக் கதிர்வீச்சு

பொதுவாக 30 கிரே அளவு, 10 தவணைகளாக இரண்டு வாரங்களில் தரப்படும். முடி உதிர்தலும் சோர்வும் உடனடி விளைவுகள். சில மாதங்கள் கழித்து நினைவாற்றலும் கவனமும் குறைவதே பெரிய இழப்பு. நல்ல மூளைத் திசுவும் கதிரைப் பெறுவதால் இது நேர்கிறது.

குழிக்கு மட்டும் கதிர்வீச்சு

சுவீடன் மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951இல் கதிர் அறுவை என்னும் கருத்தை முன்வைத்தார். இதில் கத்தி இல்லை. பல திசைகளிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் ஒரே புள்ளியில் குவிகின்றன. தலை அசையாதிருக்க, முகத்தின் அளவுக்கே செய்த வலைமுகமூடி அணிவிக்கப்படும். ஒன்று முதல் ஐந்து தவணைகளில் சிகிச்சை முடிந்துவிடும்.

2017இல் இரு ஆய்வுகள் வெளிவந்தன. ஹூஸ்டனில் நடந்த முதல் ஆய்வில், ஓராண்டு கழித்து அதே இடத்தில் கட்டி திரும்பாதிருந்தவர்கள், குழிக்குக் கதிர் பெற்றோரில் 72 விழுக்காடு, பெறாதோரில் 43 விழுக்காடு. இரண்டாவது ஆய்வு 194 நோயாளிகளிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டது. ஆறாம் மாதத்தில் அறிவாற்றல் குறைந்தோர், முழுமூளைக் கதிர்வீச்சில் 85 விழுக்காடு, குழிக் கதிர்வீச்சில் 52 விழுக்காடு. வாழ்நாள் இரண்டிலும் ஏறத்தாழ ஓராண்டே. வாழும் காலம் மாறாதபோது, அக்காலத்தில் வீட்டாரை அடையாளம் கண்டு, பேசி, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் திறன் காக்கப்படுவதே பெரும் ஆதாயம். ஆகவே ஒன்றிரண்டு கட்டிகள் உள்ளவர்களுக்கு இன்று இம்முறையே பெரிதும் விரும்பப்படுகிறது.

இதற்கும் விலை உண்டு. மூளையின் பிற பகுதிகளில் புதிய கட்டிகள் தோன்றும் வாய்ப்பு இம்முறையில் கூடுதல். எனவே இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தவறாமல் எடுக்க வேண்டும். சிலருக்குக் கதிர் பட்ட இடத்துத் திசு இறந்து வீக்கம் உண்டாகலாம்.

முழுமூளைக் கதிர்வீச்சு தவிர்க்க முடியாதவர்களுக்கு, நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியை விலக்கிக் கதிர் செலுத்தி, மெமண்டின் மருந்தும் தரும் முறை உள்ளது. இதனால் அறிவாற்றல் இழப்பு குறைவதை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது.

தமிழ்நாட்டில்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950இல் மருத்துவர் பி. இராமமூர்த்தி நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அங்குள்ள பர்னார்டு கதிரியல் நிலையம் அதற்கும் முந்தையது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் உருவானது.

தவணைகளின் எண்ணிக்கை நோயாளியின் அலைச்சலையும் தீர்மானிக்கிறது. திருமுல்லைவாயிலிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து எதிரிலுள்ள பொது மருத்துவமனைக்குச் செல்பவருக்குப் பத்துத் தவணை என்றால் பத்து நாள் பயணம். உடன் வருபவருக்கும் பத்து நாள் வேலை இழப்பு. அறுவை முடிந்து வீடு திரும்புமுன், கதிர்வீச்சு எப்போது தொடங்கும், முழு மூளைக்கா குழிக்கு மட்டுமா, எத்தனை தவணை, அடுத்த ஸ்கேன் எப்போது என்று மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது. தையல் ஆறியபின் சில வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்குவது வழக்கம். தலைவலி நின்றுவிட்டது என்பதற்காக அதைத் தள்ளிப்போடக் கூடாது.