ஆம்புலன்ஸ் தொண்டரும் அவர்தம் இல்லமும்

நோயுற்றாரையும் விபத்துற்றாரையும் ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் என்றால், ஊதியம் பெறும் பணியாளர் அதனுடன் வருவர் என்பதே நம்மனோர் கருத்து. தமிழ் நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல் 108 என்னும் எண்ணால் அழைக்கப்பெறும் வண்டி அவ்வாறே நடைபெறுகின்றது. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிற்றூர் பலவற்றில் அவ் வண்டியுடன் வருவார் ஊதியம் யாதும் பெறாத அவ்வூர் மக்களே. அவருள் ஒருவர் கடை நடத்துபவராயிருப்பார், ஒருவர் பள்ளியாசிரியராயிருப்பார், பிறிதொருவர் பண்ணை உழவராயிருப்பார். பிழைப்பிற்குரிய ஐந்து நாளும் கழிய, எஞ்சி நிற்கும் சனி ஞாயிறே அவர் தொண்டு புரிதற்குப் பெரிதும் கிடைக்கும் காலம். அவ் விரு நாளுமே அவருடைய இல்லத்தார்க்கும், வீட்டில் வளரும் நாய் பூனைகட்கும் உரிய காலமுமாம். ஒரே பொழுதை இரு திறத்தார் உரிமை கொண்டாடுங்கால் அது யாங்ஙனம் பங்கிடப்படுகின்றது என்பதையே இக் கட்டுரையில் நாம் காணப் புகுகின்றோம்.

இத் தொண்டு தோன்றிய வரலாறு சுவையுடைத்து. வர்ஜீனியா மாநிலத்து ரோனோக் நகரில், ஜூலியன் ஸ்டான்லி வைஸ் என்பார் சிறுவராயிருந்தபோது, 1909-ஆம் ஆண்டில், ரோனோக் ஆற்றில் படகு கவிழ்ந்து இருவர் மூழ்கி இறந்ததைக் கண்டார். காக்கும் வழி அறிந்தார் அங்கு ஒருவரும் இலர். அக் காட்சி அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. வளர்ந்து இரயில்வே ஊழியரான பின்னர், 1928-இல், தம்முடன் வேலை பார்த்த ஒன்பதின்மரைச் சேர்த்துக்கொண்டு உயிர் காக்கும் படை ஒன்றை நிறுவினார். பிற துறை எதனையும் சாராது தொண்டர்களாலேயே நடத்தப்பட்ட முதல் மீட்புப் படை அதுவே என்று அந் நாட்டார் போற்றுவர்.

அந் நாளில் ஏனைய ஊர்களில் நோயாளியை ஏற்றிச் சென்றவர் யாவர் எனின், வியப்பாயிருக்கும்: பிணங்களை அடக்கஞ் செய்யும் தொழிலினரே! மனிதன் ஒருவனை நீட்டிப் படுக்கவைத்துக் கொண்டு செல்லத்தக்க வண்டி அவரிடமே இருந்தது. அமெரிக்க தேசிய அறிவியற் கழகம் 1966-இல் வெளியிட்ட அறிக்கையொன்று, அந் நாட்டு ஆம்புலன்ஸ் பணியில் ஏறத்தாழப் பாதி அவர் கையிலேயே இருந்ததென்று கூறுகின்றது. உயிர் பிழைப்பான் என்று ஏற்றப்பட்டவன் இடைவழியில் கண் விழித்து, தான் கிடக்கும் வண்டி யாதென உணர்ந்திருப்பின் அவன் நெஞ்சம் என்ன பாடு பட்டிருக்கும்! 1965-ஆம் ஆண்டில் மட்டும் விபத்துக்களால் 1,07,000 பேர் மாண்டனர் என்றும், அவருள் 49,000 பேர் மோட்டார் வண்டி விபத்துக்களில் மாண்டவர் என்றும் அவ் வறிக்கை கணக்கிட்டது. இதன் பின்னரே பயிற்சிக்கும் கருவிகட்கும் திட்டமான அளவுகள் வகுக்கப்பட்டன. அடக்கத் தொழிலினர் மெல்ல விலகினர். பெருநகரங்களில் ஊதியப் பணியாளர் வந்தனர். ஊதியங் கொடுக்க இயலாத சிற்றூர்களிலோ அண்டை வீட்டாரே அச் சுமையைத் தோளில் ஏற்றனர்.

அண்டை வீட்டார் ஏன் வேண்டும், தொலைவிலுள்ள நகரத்து வண்டி வந்தால் ஆகாதோ எனின், ஆகாது. இருதயம் திடுமென நின்றுவிட்ட ஒருவனுக்கு, மார்பை அழுத்தும் உதவியும் மின்னதிர்ச்சியும் கிட்டாது கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைந்துகொண்டே போகும் என்பர். மார்பை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்திற்குக் குறையாமல், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துதல் வேண்டும். வலிமையுடையவரும் இரண்டு நிமிடத்தில் களைப்பர். உடனே கை மாற்ற மற்றொருவர் வேண்டும். இனி, புறப்படும் வண்டியிலும் ஓட்ட ஒருவர், நோயாளியின் அருகமர்ந்து பேணச் சான்றிதழ் பெற்ற ஒருவர், ஆக இருவரேனும் இன்றியமையார். அச் சான்றிதழும் எளிதிற் பெறுவதன்று. பொதுவாக 150 மணி நேரத்திற்கு மேற்பட்ட பாடமும் பயிற்சியும் முடித்துத் தேர்வில் தேறவேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகட்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்தலும் வேண்டும். இவையாவும் இரவுகளிலும் சனி ஞாயிறுகளிலுமே நிகழும் என்பதைச் சொல்ல வேண்டுவதின்று.

நியூயார்க் மாநிலத்தின் வட பகுதிச் சிற்றூர் ஒன்றில் வாழும் தொண்டர் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்வோம். அவர் ஒரு பள்ளியாசிரியை என்க. கணவர், மக்கள் இருவர், நாய் ஒன்று, பூனை ஒன்று. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவருடைய முறை தொடங்குகின்றது. சில ஊர்களில் நிலையத்திலேயே தங்குதல் வேண்டும்; சிலவற்றில் வீட்டிலிருந்தபடியே காத்திருக்கலாம். நம் ஆசிரியை வீட்டிலிருப்பவர். ஆயினும் அவர் வீட்டிலிருப்பது முழுவதும் இருப்பதாகாது. இடுப்பில் பேஜர் என்னும் அழைப்புக் கருவி தொங்குகின்றது. காலணி வாயிலண்டை அவிழ்த்த கயிற்றுடன் கிடக்கின்றது. கார் தெருவை நோக்கித் திருப்பி நிறுத்தப்பட்டிருக்கின்றது. மகனுடைய பந்தாட்டத்திற்கு இருவரும் ஒரே காரில் செல்லார். தாய் தனிக் காரிலும், தந்தையும் மக்களும் வேறொன்றிலும் செல்வர். அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றுமுன் அதனை இறக்குதற்கு மற்றொருவர் வீட்டிலுளரா என்று பார்த்துக்கொள்வர்.

கருவி ஒலிக்கின்றது: முதியவள் ஒருத்தி படியில் இடறி விழுந்தாள். ஆசிரியை காரில் ஏறி நிலையம் நோக்கி விரைகின்றார். ஆம்புலன்ஸ் தொண்டர் தம் சொந்தக் காரில் பச்சை விளக்கு ஒன்றை ஏற்றிக்கொள்ள அம் மாநிலச் சட்டம் இடந்தருகின்றது; தீயணைப்புத் தொண்டர்க்கு நீல விளக்கு. ஆனால் அவ் விளக்கு வழிவிடுமாறு பிறரை வேண்டிக்கொள்ளும் ஒரு குறியே அன்றி ஆணையன்று. சிவப்பு விளக்கின் முன் அவரும் நிற்கவே வேண்டும். வேக வரம்பை அவரும் கடத்தலாகாது. ஓர் உயிருக்காக விரைபவர் சாலையிலுள்ள பிற உயிர்கட்கு இடர் விளைத்தலாகாது என்னும் இவ் விதி நமக்கு மிகவும் உடன்பாடே. முதியவளை மருத்துவமனையிற் சேர்த்துவிட்டால் வேலை முடிந்ததோ எனின், இல்லை. கட்டிலைத் துடைத்து விரிப்பை மாற்றுதல், செலவான பிராணவாயுவையும் கட்டுத் துணிகளையும் நிரப்புதல், நிகழ்ந்தன யாவும் அறிக்கையாக எழுதுதல் ஆகிய எல்லாம் உள. மருத்துவமனை தொலைவிலிருப்பின் ஓர் அழைப்பிலேயே இரண்டு மூன்று மணி நேரம் கரைந்துபோம். பந்தாட்டத்தில் மகன் அடித்த வெற்றிப் பந்தைத் தாய் காணவில்லை.

இனி விலங்குகளின் செய்தியைச் சிறிது விரித்துக் கூறவேண்டும். இது பலரும் கருதாது விடுவதொன்று. அழைப்பிற்குச் செல்லும் வீட்டிலும் நாய் இருக்கும். தலைவன் நிலத்தில் வீழ்ந்து கிடக்க, அறியாத மனிதர் இருவர் பைகளுடன் உள்ளே நுழைந்து அவன்மேற் குனிந்தால், நன்றியுள்ள நாய் என் செய்யும்? கடிக்கும். ஆதலின் அழைத்தவரிடம், முதற்கண் நாயை வேறோர் அறையில் அடைத்துவிடுக என்று சொல்வது வழக்கம். இதனினும் கடினமானது தனியே வாழும் முதியோர் நிலை. நெஞ்சு வலியால் வேர்த்திருப்பவரும், பூனைக்குச் சோறிட ஆளில்லை என்று மருத்துவமனைக்கு வர மறுப்பதுண்டு. அறிவு தெளிந்த ஒருவரை அவர் விருப்பத்திற்கு மாறாகத் தூக்கிச் செல்லத் தொண்டர்க்கு உரிமையில்லை. அப்போழ்து அண்டை வீட்டுக் கதவைத் தட்டி, சாவியை ஒப்படைத்து, பூனைக்கு வழி செய்த பின்னரே நோயாளி வண்டியேறுவார். இஃது எந்தப் பாடத்திட்டத்தின் நடுவிலும் இடம் பெறுவதன்று. எனினும் வீட்டில் பூனை வளர்க்கும் தொண்டர் இதனை நொடியில் உணர்ந்துகொள்வார். சட்டமும் இத் திசையில் ஓரடி எடுத்து வைத்துள்ளது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2018-இல் காவல் துறை நாயொன்று குண்டடிபட்டுக் கிடந்தபோது, விலங்கை ஏற்றுதற்குச் சட்டம் இடந்தராமையால் ஆம்புலன்ஸ் அதனைக் கொண்டு செல்ல இயலவில்லை. நாய் உயிர் பிழைத்தது. அதன் பெயராலேயே ‘நீரோ சட்டம்’ 2022-இல் இயற்றப்பட்டு, காவல் நாய்கட்கு முதலுதவி செய்து வண்டியில் ஏற்றிச் செல்ல இசைவு தரப்பட்டது. மனிதர் எவர்க்கும் அவ் வண்டி அப்பொழுது தேவைப்படலாகாது என்பது மட்டும் வரையறை.

நள்ளிரவில் ஆசிரியை வீடு திரும்புகின்றார். உடுப்பை மாற்றிக் கைகளை நன்கு கழுவாமுன் குழந்தையையோ நாயையோ தொடலாகாது. கணவர், என்ன நேர்ந்தது என்று வினவுவாராயின், நோயாளியின் பெயரையும் நிலையையும் வெளியிடலாகாது என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. சிற்றூரில் பெயரை மறைத்தாலும் ஆளை மறைத்தல் அரிது; ஆதலின் வாய் திறவாதிருத்தலே எஞ்சிய வழி. கண்டது ஒரு சிறு மகவின் இறப்பாயிருப்பினும் அதனைத் தனியே சுமக்கவேண்டும். கேள்வி கேளாமல் காலடியில் வந்து படுப்பது நாய் ஒன்றே. இவ் வகையில் அதுவும் தொண்டில் ஒரு பங்கு கொள்கின்றது எனலாம்.

வழியில் வீழ்ந்தாரைக் காப்பவர்க்கு வழக்குத் தொல்லை நேராது காக்கும் சட்டத்தை அமெரிக்கர் ‘நல்ல சமாரியன் சட்டம்’ என்பர். கலிபோர்னியாவில் அது 1959-இலேயே இயற்றப்பட்டது. திருமறையிற் காணும் அவ் வுவமையில் காயம், எண்ணெய், திராட்சரசம், விடுதி, இரண்டு வெள்ளிக் காசுகள் எல்லாம் கூறப்பட்டுள்ளன. அன்றிரவு அச் சமாரியனை எதிர்நோக்கி விளக்கேற்றிக் காத்திருந்தார் எவரேனும் உளரோ என்பது கூறப்படவில்லை. தமிழ் பயிலும் நமக்கு அகமென்றும் புறமென்றும் வாழ்வை இரண்டாக வகுத்துக் காணும் மரபு பழக்கமானது. இத் தொண்டினைப் புறத்துள் அடக்கிவிடுதல் எளிது. ஆனால் அதன் செலவில் பெரும்பகுதி அகத்திலிருந்தே எடுக்கப்படுகின்றது என்பதே எம் துணிபு.

இஃது இன்று வெறும் ஆராய்ச்சியன்று. கணவன் மனைவி இருவரும் ஊதியத்திற்கு உழைக்கும் காலத்தில், வீட்டைப் பார்த்துக்கொள்வாரும் இலர். தொண்டுக்கு வருவாரும் அருகிவிட்டனர். இருப்பவர் முதுமையடைகின்றனர். கருவி ஒருமுறை ஒலித்து, எவரும் விடையிறுக்காமல் மறுமுறையும் ஒலித்து, பின்னர் அடுத்த ஊர்ப் படைக்கு அழைப்பு மாற்றப்படுகின்றது. அதற்குள் முன்னர்க் கூறிய நிமிடங்கள் கழிந்துவிடுகின்றன. பல மாநிலங்களில், தீயணைப்பைப் போல ஆம்புலன்ஸையும் ஊராட்சி கட்டாயமாக நடத்தவேண்டும் என்னும் விதியும் இல்லை. ஊதியம் கொடுத்துத் தீர்க்கலாம் என்பார் உளர். அழைப்புக்கள் சிலவேயான சிற்றூரில் இரவு பகல் முழுவதும் ஆள் வைத்தற்கு வருவாய் போதாது. எனவே தொண்டரை நிலைநிறுத்தும் வழிகளை நாடுகின்றனர். நியூயார்க் மாநிலம் 2022-ஆம் ஆண்டு இறுதியில் இயற்றிய சட்டமொன்று, ஊராட்சிகள் விரும்பினால், குறித்த சில ஆண்டுகள் பணியாற்றிய தீயணைப்புத் தொண்டர்க்கும் ஆம்புலன்ஸ் தொண்டர்க்கும் சொத்து மதிப்பில் நூற்றுக்குப் பத்து வரை வரி விலக்கு அளிக்கலாம் என்கின்றது. அவ் விலக்கு தொண்டருடைய ஊதியத்திற்கன்று. அவர் தம் குடும்பத்துடன் வாழும் வீட்டிற்கே தரப்படுகின்றது.