வெயில் பட்டால் கல்லாகும் பட்டி! குட்டித் தோணியின் விரிசலை அடைப்பது எப்படி?

பல் டாக்டர் சொத்தைப் பல்லை அடைத்துவிட்டு, பேனா போன்ற கருவியால் நீல வெளிச்சம் காட்டுவாரே, கவனித்திருக்கிறீர்களா? செல்போனுக்கு 'யுவி' டெம்பர்டு கிளாஸ் ஒட்டுகிற கடைக்காரரும், ஜெல் நெயில் பாலிஷ் போடுகிற பியூட்டிஷியனும் செய்வது அதே வேலையைத்தான். பசை மாதிரி இருக்கும் பொருள், ஒளி பட்டதும் இறுகிவிடுகிறது. கப்பல், விமானம், கார் என்று குட்டி மாதிரிகள் செய்பவர்களிடமும் இப்படி ஒரு பொருள் உண்டு. அதுதான் 'லைட் க்யூரிங் பட்டி'. ஜப்பானின் டாமியா போன்ற மாடல் நிறுவனங்கள் சிறு டியூபில் விற்கின்றன.

வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத்துக்கு இது ரொம்பப் பொருத்தமான பொருள். கொஞ்சம் கவனம் தப்பினால், ரொம்பத் தொல்லையான பொருளும் இதுதான்!

அரை மில்லிமீட்டர்தானே என்று விடலாமா?

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் நிற்கும் மரத் தோணிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் கடல் உள்ளே வந்துவிடும். அதனால் பஞ்சைத் திரித்து, உளி போன்ற கருவியால் அடித்து இறக்கி, மேலே பூச்சு பூசி அடைப்பார்கள். இந்த வேலைக்குக் 'கலப்பற்று' என்று பெயர்.

24 மீட்டர் நீளமுள்ள ஒரு தோணியை 72-ல் ஒரு பங்காகச் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மாதிரியின் நீளம் சுமார் 33 செ.மீ. அதில் அரை மில்லிமீட்டர் விரிசல் இருந்தால், நிஜத் தோணியில் அது 3.6 செ.மீ. பிளவு! அப்படியொரு தோணி கரையை விட்டு நகர முடியாது. பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பெயின்ட் காய்ந்த பிறகுதான் விரிசல் இன்னும் பளிச்சென்று தெரியும்.

தோணிக்கு ரெடிமேட் கிட் கிடைப்பது அரிது. பிளாஸ்டிக் தகட்டையோ மெல்லிய மரத்தையோ வெட்டி ஒட்டித்தான் செய்ய வேண்டும். ஒட்டு கூடக் கூட இடைவெளியும் கூடும்.

சாதாரண பட்டியில் என்ன சிக்கல்?

டியூபில் வரும் சாதாரண மாடல் பட்டியில் கரைப்பான் கலந்திருக்கும். அது ஆவியாகப் போனால்தான் பட்டி காயும். போன அளவுக்குப் பட்டி சுருங்கும். ராத்திரி சமமாக இருந்த இடம் காலையில் குழி விழுந்திருக்கும். அதற்கு மேல் இன்னொரு பூச்சு, இன்னொரு ராத்திரி.

ஒளியில் இறுகும் பட்டி ஆவியாவதை நம்பி இல்லை. அதிலுள்ள ஒரு வேதிப்பொருள் நீல ஒளியையோ புற ஊதா ஒளியையோ வாங்கியதும், சின்னச் சின்ன மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலிகளாகிவிடுகின்றன. அதனால் சுருக்கம் குறைவு. சில நிமிடங்களில் தேய்க்கவும் ஆரம்பிக்கலாம்.

செய்முறை

1. ஜன்னலை விட்டுத் தள்ளி, மங்கலான இடத்தில் உட்காருங்கள். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெளிச்சமே பட்டியை இறுக்கிவிடும். தேவையான அளவு பிதுக்கியதும் டியூபை மூடி டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள்.

2. தேரிக்காட்டுச் செம்மண் காற்றில் பறக்கும் நாளில் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். ஈரப் பட்டியில் ஒட்டிய தூசி அங்கேயே தங்கிவிடும்.

3. மெல்லிசாகப் பூசுங்கள். வெளிச்சம் எட்டாத ஆழத்தில் பட்டி இறுகாது. மேலே கல், உள்ளே களி என்று ஆகிவிடும். ஆழமான பள்ளம் என்றால் ஒரு படலம் பூசி, வெளிச்சம் காட்டி, பிறகு அடுத்த படலம். பல் டாக்டரும் இப்படித்தான் அடைக்கிறார்.

4. வெயிலில் காட்டுங்கள். நேரம், டியூபில் சொல்லியிருக்கும்படி. வேலை முடிந்ததும் மாதிரியை உள்ளே எடுத்துவிடுங்கள். உச்சி வெயிலில் மறந்துவிட்டால் மெல்லிய பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

5. இறுகிய பிறகும் மேற்பரப்பு பிசுபிசுக்கும். பட்டி கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். காற்றிலுள்ள ஆக்சிஜன் மேல் படலத்தை இறுகவிடாமல் தடுப்பதால் வருவது அது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, 400, 600, 1000 என்ற வரிசையில் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள்.

மரத்தின் ரேகை தெரியும்படி வார்னிஷ் அடிக்கப்போகிறீர்களா? அப்படியானால் இந்தப் பட்டி வேண்டாம். அது சாயம் வாங்காமல் திட்டாகத் தெரியும். அதே மரத்தின் தூளை மரப்பசையில் குழைத்து அடைப்பதே நல்லது.

குழந்தைகள் கையில் கொடுக்கலாமா?

இறுகாத பட்டியைக் கொடுக்காதீர்கள். இதிலுள்ள அக்ரிலேட் வகைப் பொருட்கள் சிலருக்குத் தோல் அலர்ஜியை உண்டாக்கும். ஜெல் நெயில் பாலிஷில் உள்ள இதே வகைப் பொருட்களைப் பற்றி பிரிட்டன் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-ல் எச்சரித்தது. ஒருமுறை வந்த அலர்ஜி வாழ்நாள் முழுக்கத் தொடரலாம். பிற்பாடு பல் அடைக்கும்போதுகூடத் தொந்தரவு தரலாம். ஆகவே நைட்ரைல் கையுறை கட்டாயம். விரலால் தடவாமல் குச்சியால் பூசுங்கள். தேய்க்கும் தூளைச் சுவாசிக்காமல் இருக்க மாஸ்க் போடுங்கள். யுவி டார்ச் பயன்படுத்தினால் அதன் வெளிச்சத்தை நேராகப் பார்க்கக் கூடாது. பூசுவது பெரியவர் வேலை; வெட்டுவது, அளப்பது, பெயின்ட் அடிப்பது பிள்ளைகளின் வேலை என்று பிரித்துக்கொள்ளலாம்.

எதைச் செய்யலாம்?

வ.உ.சி. 1906-ல் தொடங்கிய சுதேசி கப்பல் கம்பெனியின் காலியா, லாவோ கப்பல்கள் பள்ளிக் கண்காட்சிக்கு ஏற்றவை. ஆனால், அவற்றைப் படத்தில் பார்த்துத்தான் செய்ய வேண்டும். தோணி அப்படியல்ல. பாய்மரத்தை நம்பி கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோன அந்த வம்சத்தில் மிச்சம் இருப்பவற்றை இன்றும் நேரில் பார்க்கலாம். மரம் விலை ஏறி, இரும்புக் கப்பல்கள் சரக்கைப் பிடித்துக்கொண்ட பிறகு, புதுத் தோணி கட்டும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

அடுத்த விடுமுறைக்கு தூத்துக்குடி போனால், தோணிக்காரர்களிடம் அனுமதி கேட்டு நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். நீளம், அகலம், பலகைகளின் எண்ணிக்கையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் தோணியில் வேலை பார்த்த தாத்தா இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். கலப்பற்று எங்கே, எப்படி அடிப்பார்கள் என்று அவர் சொல்லும்போது, உங்கள் குட்டித் தோணியில் எந்த ஒட்டை மறைக்க வேண்டும், எந்தக் கோட்டை விட்டுவைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.