கூரையில் பெய்யும் மழை குடத்துக்கு வரட்டும்!

மழை கொட்டுகிறது. மொட்டை மாடியில் விழுந்த தண்ணீர் குழாய் வழியாகத் தெருவுக்குப் போகிறது. தெருவில் இருந்து சாக்கடைக்குப் போகிறது. சாக்கடையில் இருந்து கடலுக்குப் போகிறது.

ஆறு மாதம் கழிகிறது. அதே வீட்டுப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெருமுனையில் காத்து நிற்கிறார்கள்!

வானம் இலவசமாகக் கொடுத்ததைக் கடலில் விட்டுவிட்டு, காசு கொடுத்து வாங்குகிறோம். இது என்ன நியாயம்?

இதை மாற்ற முடியும். அதற்கு அணை கட்ட வேண்டியது இல்லை. நம் வீட்டுக் கூரையே போதும்.

வெள்ளமும் வறட்சியும்

சென்னையைப் பாருங்கள். 2015-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அங்கே பெரும் வெள்ளம் வந்தது. வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மக்கள் படகில் ஏறித் தப்பினார்கள்.

அதன் பிறகு நாலு ஆண்டு கூட ஆகவில்லை. 2018-ம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019-ம் ஆண்டு கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது. 200 கிலோ மீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்த தண்ணீர் அது! முதல் ரெயில் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்தது.

ஒரே ஊர்தான். ஒரு முறை தண்ணீரில் மிதந்தது. மறு முறை தண்ணீருக்குத் தவித்தது.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 சென்டி மீட்டர் மழை பெய்கிறது. இது குறைந்த மழை அல்ல. ஆனால், அதில் பெரும் பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. அப்போது பிடித்து வைத்தால்தான் உண்டு.

கணக்குப் பாருங்கள்

உங்கள் வீட்டு மாடி 600 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு சென்டி மீட்டர் மழை பெய்தால், 550 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழும்.

சென்னையைப் போல ஆண்டுக்கு 140 சென்டி மீட்டர் பெய்தால், சுமார் 78 ஆயிரம் லிட்டர்! வெயிலில் காய்வது, வழிந்து போவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். அப்போதும் 62 ஆயிரம் லிட்டர் மிஞ்சும்.

ஒரு குடத்தில் 15 லிட்டர் பிடிக்கும் என்றால், இது 4 ஆயிரம் குடத்துக்கு மேல்!

நகரத்தில் ஆள் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் வேண்டும் என்று கணக்கு வைத்து இருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி, நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு மூன்று மாதத்துக்கு மேல் இது போதும்.

பிடிப்பது எப்படி?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தொட்டியில் சேர்ப்பது. மற்றொன்று, நிலத்துக்குள் இறக்குவது.

முதலில் மாடியைப் பெருக்கிச் சுத்தம் செய்யுங்கள். மாடிக் குழாய்களை ஒன்றாக இணைத்து, வடிகட்டும் தொட்டிக்குக் கொண்டுவாருங்கள். அந்தத் தொட்டியின் அடியில் கூழாங்கல், அதன் மேல் சரளைக்கல், எல்லாவற்றுக்கும் மேல் மணல். மணலில் விழும் தண்ணீர் வடிந்து, கீழே தெளிவாக வரும். அதைச் சேமிக்கும் தொட்டிக்கு விடலாம்.

பருவத்தின் முதல் மழையைப் பிடிக்கக் கூடாது. கூரையில் கிடக்கும் தூசி, பறவை எச்சம் எல்லாம் அதில் வரும். அதை வெளியே விட்டுவிடுங்கள்.

தொட்டிக்கு மூடி மிகவும் அவசியம். டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசு, நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும். குடிப்பதாக இருந்தால், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

கிணறு இருந்தால், வடிகட்டிய தண்ணீரைக் கிணற்றிலேயே விடலாம். கிணறு இல்லையா? மூன்று அடி நீளம், மூன்று அடி அகலம், ஐந்து அடி ஆழத்தில் ஒரு குழி தோண்டுங்கள். உடைத்த கல்லைப் போட்டு நிரப்பி, மேலே மணல் பரப்புங்கள். தண்ணீர் மெல்ல மெல்லப் பூமிக்குள் இறங்கும். கக்கூஸ் தொட்டிக்கும் சுவரின் அஸ்திவாரத்துக்கும் பக்கத்தில் மட்டும் குழி வேண்டாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், தாழ்வாரத்து ஓரம் ஒரு தகரத்தைச் சாய்த்துவைத்து, அண்டாவில் பிடிக்கலாம். நம் பாட்டிமார் செய்த வேலைதான் இது. துணி துவைக்க, பாத்திரம் கழுவ அது உதவும்.

ஏரி வாரியம்

தண்ணீரைக் காப்பது தமிழர்களுக்குப் புதிது அல்ல. காஞ்சீபுரத்துக்கு அருகே உள்ள உத்திரமேரூரில் சோழர் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 1,100 ஆண்டுகளுக்கு முன் வெட்டியது. ஊர் ஏரியைக் கவனிக்க "ஏரி வாரியம்" என்று ஒரு சபை இருந்ததை அது சொல்கிறது. அந்த வாரியத்துக்கு ஆட்களைக் குடவோலை முறையில் தேர்ந்து எடுத்தார்கள்.

ஏரியை வெட்டியதோடு வேலை முடிந்தது என்று அவர்கள் இருந்துவிடவில்லை. அதைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வைத்தார்கள்.

நாம் தவறுவது இந்த இடத்தில்தான். எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு சட்டம் வந்தது. வீடுதோறும் குழாய் வைத்தார்கள். பிறகு பலர் அதை மறந்துவிட்டார்கள். குழாயில் இலை அடைத்துக்கொண்டது. குழியில் மண் மூடிக்கொண்டது. பெயருக்குக் குழாய் இருக்கிறது. தண்ணீர் இறங்கவில்லை!

உங்கள் வீட்டுக்கு நீங்களே ஏரி வாரியம். ஆண்டுதோறும் புரட்டாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். அப்பா குழாய் அடைப்பை எடுக்கட்டும். அம்மா மணலை அலசிப் போடட்டும். பிள்ளைகள் மாடியைப் பெருக்கட்டும். அரை நாள் வேலைதான்.

பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். தெரு முழுவதும் தண்ணீரைப் பூமிக்குள் இறக்கினால், தெருவில் உள்ள எல்லாக் கிணறுகளிலும் தண்ணீர் ஏறும். கடலோர ஊர்களில் உப்புத் தண்ணீர் உள்ளே புகுவதையும் அது தடுக்கும்.

ஐப்பசி மழை நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. அது வருவதற்குள், மாடிக்கு ஏறி ஒரு முறை பார்த்துவிடுங்கள்.